அரண்மனை ஆட்டத்துக்கு என் மேளம்

இரண்டு கையாலும் மிருதங்கம் பழகியவன் ஒற்றைத் தடியால் மேளம் அடித்து நல்ல பெயர் எடுப்பது லேசான தொழில் அல்ல. படித்தது ஒன்று, பார்க்கிற வேலை வேறொன்று என்று காலம் தள்ளும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் ரொறன்ரோவில், பகல் முழுக்க ரெக்ஸ்டேல் பக்டரியில் நின்றுவிட்டு, பின்னேரங்களில் ஒரு வெள்ளைக்காரக் குழுவோடு நானூறு வருஷத்துக்கு முந்திய ஐரோப்பிய அரண்மனை நடன இசைக்கு மேளம் அடித்தேன். பாட்டுக் கிடையாது, குழல், லூட் என்ற நரம்பு வாத்தியம், மேளம், அவ்வளவுதான்.

ஒற்றைத் தடி

குழுவை நடத்தியவர் மார்கரெட், மரக்குழல் ஊதுவார். முதல் நாள் தோளில் மாட்டும் மேளம் ஒன்றையும் ஒரு தடியையும் தந்தார். வலக்கை தடியோடு அடிக்க, இடக்கை சும்மா இருக்கமாட்டாமல் தானும் தோலைத் தட்டியது. சர்ச் மண்டபத்தில் நடக்கப்போகும் நடன மாலைவரை பார்ப்போம், சரிவராவிட்டால் வேறு ஆள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். கனடாவுக்கு வந்தபின் எனக்குக் கிடைத்த முதல் மேடை அது. விட மனமே இல்லை. என் இடக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மார்கரெட் சொன்னார்: "மற்றக் கையைப் பொக்கற்றுக்குள் வையுங்கள்."

சப்பாத்து

ஒரு ஒத்திகைக்கு, என்னோடு வேலை செய்யும் சிவம் அண்ணையைக் கூட்டிப்போனேன். முதலில் பவான்; இரண்டிரண்டு எண்ணிக்கையில் சோடிகள் மெல்ல நடந்துவரும் ஆட்டம். அண்ணை தொடையில் தாளம் போட்டார். முடிந்த கையோடு கலியார்ட் தொடங்கியது. அது மும்மூன்றாக ஓடும் துள்ளல் ஆட்டம். அண்ணையின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. இந்த இரண்டுக்கும் ஏதோ உறவு இருக்கிறதென்று பல கிழமையாக எனக்கும் ஒரு சந்தேகம். அண்ணை ஒரே தரத்தில் பிடித்துவிட்டார்: "உது முதல் வாசிச்ச அதே மெட்டுத்தான் தம்பி, இப்ப சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஓடுது."

மூன்று தரம்

நடன மாலை வந்தது. கலியார்டில் ஆறு எண்ணிக்கைக்கு ஒரு துள்ளல். கடைசித் துள்ளலில் கால் தரையில் பட, இசையும் முடியவேண்டும். முன்னால் ஆடியவர் பீட்டர், நல்ல உயரமான மனுஷன், குழலைவிட மேளத்தையே நம்புகிறவர். முடிவு வந்ததும் என் கை பழக்கதோஷத்தில் தீர்மானம் வைத்துவிட்டது. நம்முடைய கச்சேரியில் ஒரே சொற்கட்டை மூன்று தரம் அடித்துத்தானே முடிப்போம்.

குழல் முதல் தரத்தோடு நின்றது. பீட்டர் துள்ளி இறங்கினார். மேளம் கேட்டது, திரும்பவும் துள்ளினார். மூன்றாம் தரமும் துள்ளினார். மண்டபத்தில் சிவம் அண்ணை மட்டும் கைதட்டினார். எல்லாம் போச்சு. மேளத்தைக் கழற்றி மார்கரெட்டிடம் நீட்டினேன். அவர் வாங்காமல் பீட்டரைப் பார்த்தார். பீட்டர் மூச்சு வாங்கியபடி சொன்னார்: "இதை நான் இன்னொருமுறை ஆடவேண்டும், எத்தனை துள்ளல் என்று மட்டும் முதலே சொல்லிவிடுங்கள்."

அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் தீர்மானத்துக்கு அனுமதி கிடைத்தது. மற்ற ஆட்டங்களையெல்லாம் வலக்கை ஒரே தரத்தில் முடிக்க, மிச்ச இரண்டு தரத்தையும் இடக்கை பொக்கற்றுக்குள் முடித்துக்கொண்டது.