ஓபோக்காரனின் மூன்றாவது மனு

ஜெர்மனியோடு போர் அறிவிக்கப்பட்ட மறுநாள் காலை, ஜெர்மன் பாதிரியார் ஒரு ஜட்காவில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். கூடவே ஒரு தகரப் பெட்டி. வண்டிக்காரன் அதை உள்ளே இறக்கிவைத்துவிட்டுப் போகும் வரை அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க ஐயா, இது இங்க இருக்கட்டுங்க," என்றார் பிறகு. "என்னைக் கூட்டிட்டுப் போவாங்க. எப்போன்னு தெரியலீங்க. படுக்கையும் ரெண்டு செட்டுத் துணியும் கட்டி வெச்சுட்டேன். இதை எங்க வெக்கறதுன்னுதான் தெரியலீங்க."

பன்னிரண்டு வருஷமாகக் காரமடைப் பக்கமும் கோயமுத்தூரிலும் ஊழியம் செய்தவர். தமிழை எங்கள் ஜனங்களிடம்தான் கற்றுக்கொண்டார். ஜெபத்தில் கடவுளைக்கூட 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நான்கு வருஷமாக வாரத்தில் இரண்டு நாள் நானும் அவரும் உட்கார்ந்து பிரித்து, படித்து, கட்டிவைத்த காகிதங்கள். நான் செய்தது வேறு. மேஜையில் உட்கார்ந்து, அரைத் தாளில், 'தகரப் பெட்டி ஒன்று, பூட்டுடன், பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கீழே என் பழைய உத்தியோகத்தையும் எழுதி அவரிடம் கொடுத்தேன். ஒரு சர்க்கார் ஆபீசின் ரிக்கார்டு அறையை முப்பத்து மூன்று வருஷம் ஆண்டவன் நான். ஒரு பொருள் கை மாறினால் ரசீது கொடுக்காமல் என் கை சும்மா இருக்காது. அவரும் அதை வேதாகமத்தின் நடுவில் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார். அந்த அரைத் தாள்தான் பின்னால் போலீசுக்கு என் வீட்டு வழியைக் காட்டியது.

பெட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பாதிரியாரின் தகப்பனார் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். அந்த ஊரில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு குட்டி இளவரசன் இருந்தான். நம் பக்கத்து ஜமீன் அளவுதான் அவன் ராஜ்யம். ஆனால் அரண்மனையில் பதினெட்டு வாத்தியக்காரர்களை வைத்திருந்தான். அவர்களைப் பற்றிய காகிதங்களை வாத்தியார் தம் ஓய்வு நாட்களில் அவை கிடந்த கோட்டைக்குப் போய்க் கையால் பிரதி எடுத்தார். அசலில் பாதி பிறகு ஈரத்தில் மக்கிப்போனதாம். வாத்தியாரும் போய்ச் சேர்ந்தார். மகனிடம் பிரதிகள் மட்டும் வந்தன, தலைகால் புரியாத வரிசையில். அந்த அரண்மனையின் சங்கீத வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்பது பாதிரியாரின் ஆசை. நான் பென்ஷன் வாங்கிய வருஷம், காகிதத்தை வரிசைப்படுத்தத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைத் தேடி வந்தார்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் முதல் மனுவை அவர் வாசித்து அர்த்தம் சொன்னபோதே, இது எனக்குப் பழக்கமான இடம் என்று தெரிந்துவிட்டது. "மகா கனம் பொருந்திய எஜமானருங்களே, தங்கள் காலடித் தூசியான அடியேன் தாழ்மையுடன் தெரியப்படுத்திக் கொள்வதென்னவென்றாலுங்க..." இதே வாசகத்தை ஆயிரம் தடவை படித்திருக்கிறேன். விறகு வரவில்லை என்று மனு. மெழுகுவத்தி போதவில்லை என்று மனு. கல்யாணம் செய்துகொள்ள அனுமதி கேட்டு மனு. பிடில் வாசிக்க வேலைக்கு வருகிறவனுக்குச் சாப்பாட்டு மேஜையில் பரிமாறவும் எஜமானின் தலைமுடியைச் சீவிவிடவும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு. நாங்கள் படித்த சரித்திரப் புத்தகங்களில் ஐரோப்பிய சங்கீதம் மேகத்திலிருந்து இறங்கும். இங்கே அது விறகுக்குக் காத்துக்கொண்டு நின்றது.

எந்தக் குறிப்பு எந்த மனுவுக்கு, எந்தக் காகிதம் காணாமல் போயிருக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, பாதிரியார் வாயைப் பிளப்பார். "எப்படீங்க தெரியும்?" "உங்க இளவரசனும் எங்க ஆபீசும் ஒரே மாதிரிதான் பதில் போடாமல் இருக்கிறார்கள்," என்பேன்.

அதில் ஓர் ஆள் எங்களைப் பிடித்துக்கொண்டான். அவன் ஓபோ வாசிப்பவன். ஓபோ என்பது நம் நாகசுரத்துக்குத் தூரத்துச் சொந்தம். அதற்கும் ஊதும் முனையில் நாணல் சீவாளி உண்டு. வேறோர் அரண்மனையில் அவனை வேலைக்குக் கூப்பிட்டார்கள். தன்னை வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லி மனுப் போட்டான். ஓரத்தில் இளவரசன் கையால், 'பார்த்தோம்.' இரண்டாவது மனு போட்டான். ஓரத்தில், 'காத்திருக்கவும்.' மூன்றாவதும் போட்டான். அதன் ஓரத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த காகிதம் கோட்டைக் காவலனுக்குப் போன உத்தரவு: அந்த ஆளுக்கு ரொட்டியும் ஒரு கம்பளியும் கொடுக்கவும், வாத்தியத்தைக் கொடுக்க வேண்டாம்.

அதற்குப் பிறகு அவன் பெயர் எங்கும் இல்லை. வெளியே வந்தானா என்று இரண்டு வருஷம் தேடினோம். பச்சைக் கயிறு கட்டிய கடைசிக் கட்டு ஒன்று பிரிக்காமல் இருந்தது. கோட்டைச் சிறையின் வருஷாந்தரக் குறிப்புகள் என்று வாத்தியார் மேலே எழுதியிருந்தார். வரிசையை மீறி எதையும் பிரிக்க நான் விடமாட்டேன்; அதற்கு அக்டோபரில் வரலாம் என்று வைத்திருந்தோம். போர் செப்டம்பரில் வந்துவிட்டது.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். சிப்பந்திகளின் நடத்தையைப் பற்றிய காகிதம் எதுவானாலும் மேலுறையில் சிவப்பு மையால் 'கான்ஃபிடென்ஷியல்' என்று எழுதி, நாடா கட்டி, முடிச்சில் அரக்கு வைப்பது எங்கள் ஆபீஸ் விதி. இன்ன பதவிக்குக் கீழே உள்ளவர் அதைப் பிரிக்கக் கூடாது. வாத்தியக்காரர்கள் சிப்பந்திகள். காகிதங்கள் அவர்கள் நடத்தையைப் பற்றியவை. கைப்பழக்கத்தில் எல்லாக் கட்டுகளுக்கும் அப்படியே செய்துவிட்டேன், பச்சைக் கயிற்றுக் கட்டுக்கும் சேர்த்து. பாதிரியார் பார்த்துச் சிரித்தார். "செத்துப்போனவங்களுக்கு ரகசியமுங்களா?" என்றார். செத்தவர்களின் கட்டுகளைத்தான் நாங்கள் கவனமாகக் கட்டுவோம் என்றேன். எனக்கு அது அப்போது நல்ல பதிலாகத் தோன்றியது.

மூன்றாம் நாள் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ரயிலடியில் சபைக்காரர்கள் சிலர் நின்று பாட்டுப் பாடினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. யார் யார் வந்தார்கள் என்று ஒருவன் ஓரமாக நின்று எழுதிக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். என் காலத்தில் அந்த மாதிரிப் பட்டியல்கள் எத்தனையோ என் அறைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இவ்வளவும் தெரிந்திருப்பதுதான் என் கஷ்டம். நடைமுறை தெரியாதவன் பொத்தாம்பொதுவாகப் பயப்படுவான். நான் படிப்படியாகப் பயந்தேன். முதலில் ஒரு குறிப்பு. பிறகு ஒரு விசாரணை. பிறகு வீட்டில் சோதனை. எதிரி நாட்டு மொழியில் கட்டுக்கட்டாகக் காகிதம். அதற்கு மேல் என் கையெழுத்தில் சிவப்பு மை. நடுநடுவே ஐந்து கோடு இழுத்து அதில் புள்ளி வைத்த தாள்கள். அதை இசைக் குறிப்பு என்று நான் சொல்வேன்; சங்கேதம் என்று அவர்கள் எழுதுவார்கள். சந்தேகம் உறுதியானால் என்னை எந்த ஊருக்கு அனுப்புவார்கள், எந்த அச்சுப் பாரத்தில் எந்த இடத்தில் என் பெயரை எழுதுவார்கள் என்பது வரை மனத்தில் ஓடியது. பென்ஷன் நன்னடத்தையைப் பொறுத்தது என்ற விதியின் எண்கூட ஞாபகம் வந்தது.

வெளியே சைக்கிள் மணி அடித்தால் எழுந்து ஜன்னல் கதவைச் சாத்துவேன். உக்கடம் குளத்துப் பக்கம் காலையில் நடக்கப் போவதை நிறுத்தினேன். ஏன் வரவில்லை என்று யாராவது கேட்பார்களே என்று பயந்து மறுபடி போனேன். எதிரில் வருகிறவர்கள் எல்லாரும் போரைப் பற்றியே பேசினார்கள். நான் மழையைப் பற்றிப் பேசினேன்.

என் மனைவிக்கு இது எதுவும் பிடிபடவில்லை என்று நினைத்தேன். ஒரு வாரம் பார்த்தாள். எட்டாம் நாள் காலை வெந்நீர் அடுப்பை மூட்டிவிட்டு வந்து நின்றாள்.

"ஏனுங்க, அந்தப் பொட்டியக் குடுங்க. ஒரு அண்டா தண்ணி காயும்."

"எரிக்க முடியாது."

"ஏனாம்?"

"ஒரு ரிக்கார்டை அழிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கிறது. எது எது அழிகிறது என்று ஜாபிதா எழுத வேண்டும். மேலதிகாரி உத்தரவு வேண்டும்."

"மேலதிகாரி நான்தானுங்க. உத்தரவு குடுத்துப்போட்டேன். எடுங்க."

நான் எழுந்திருக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"யாரோ வெள்ளக்கார கொழலூதி. செத்து நூறு வருசமாச்சு. அவனுக்காக நீங்க செயிலுக்குப் போவீங்களாக்கும்? புள்ளைங்க மொகத்துல எப்படிங்க முழிக்கறது?"

"அவன் வெளியே வந்தானா என்று தெரியவில்லை," என்றேன்.

அவள் என்ன பதில் எதிர்பார்த்தாளோ, அது இல்லை. "சரி, பிரிச்சுப் பாத்துப்போட்டுக் குடுங்க," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பிரித்திருக்கலாம். ஜெர்மன் எழுத்து எனக்கு அப்போது தட்டுத் தடுமாறிப் படிக்க வரும். ஒரு காலை முழுவதும் இருந்தது. பெட்டியைத் திறந்து, பச்சைக் கயிற்றுக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அரக்கை உடைத்தால், காகிதத்தை இன்றுதான் கலைத்தான் என்று எழுதுவார்கள். உடைக்காவிட்டால், எதை மறைத்து வைத்திருந்தான் என்று எழுதுவார்கள். இரண்டு குறிப்பையும் மனத்துக்குள் எழுதிப் பார்த்தேன். இரண்டும் நன்றாகவே வந்தன. கட்டைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். உள்ளூர்க்காரர், சோமனூர்ப் பக்கம், நடுவயது, மரியாதையானவர். அவர் கையில் என் அரைத் தாள் இருந்தது.

"ஐயா கையெழுத்துங்களா இது?"

"ஆமாம்."

"எங்க ஆபீசுலயே ஐயா எழுத்துன்னா தெரியுமுங்க. சாமி படம் மாதிரி இருக்குமுன்னு சொல்லுவாங்க." பெட்டியைப் பார்த்தார். "சித்த தொறக்கறீங்களா?"

சாவியை அவரிடம் நீட்டினேன். அவரே வாங்கித் திறந்தார். மேலாக இருந்த இசைத் தாள் ஒன்றை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னங்க, கம்பியில குருவி உக்காந்த மாதிரி?"

"சங்கீதம். நம் ஸ்வரம் மாதிரி."

"பாடிக் காட்டறீங்களா?"

"எனக்குப் பாட வராது."

"வராதுங்களா," என்றார். தாளைத் திரும்ப உள்ளே வைத்தார். அந்த 'வராதுங்களா'வை அவர் அறிக்கையில் எப்படி எழுதுவார் என்று யோசித்தேன். மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க அம்மணி," என்றார். அவள் கதவோரம் நின்றாள். பிறகு அவர் கட்டுகளைக் கண்டார். சிவப்பு மையைப் படித்ததும் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார், சுட்டுவிட்டது போல.

"இதை எழுதினது யாருங்க?"

"நான்தான். அது பழக்க தோஷம். உள்ளே ஒன்றுமில்லை. பிரித்துப் பாருங்கள். இப்போதே பாருங்கள்," என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். அவர் அங்கேயே பிரித்தால், விறகும் மெழுகுவத்தியும் வெளியே வரும். காரியம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

"அது எப்படிங்க பிரிக்கறது?" என்றார் அவர். உண்மையாகவே வருத்தப்பட்டார். "கான்ஃபிடென்ஷியல்னு போட்டு அரக்கு வெச்சிருக்குது. எனக்கிருக்கற பதவிக்கு இதைத் தொட முடியாதுங்க. உங்களுக்குத் தெரியாத விதிங்களா? மேல அனுப்போணும்."

விதி சரிதான். என் கீழ் வேலை பார்த்திருந்தால் அவரை நான் மெச்சியிருப்பேன்.

பெட்டிக்கு மேல் ஒரு முத்திரை வைத்தார். ரசீது கொடுத்தார், என் வாசகமேதான், 'தகரப் பெட்டி ஒன்று, பூட்டுடன்.' வாசலில் நின்று, "கூப்பிட்டா வரோணுங்க. ஊரை உட்டு எங்கயும் போயராதீங்க," என்றார். வண்டி தெருமுனை திரும்பும் வரை என் மனைவி கதவைச் சாத்தவில்லை. பிறகு சொன்னாள்: "நேத்தே குடுத்திருந்தீங்கன்னா குளிச்சாவது இருப்போம்."

கூப்பிடவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். கூப்பிட்டிருந்தால் ஒரு வழியாக முடிந்திருக்கும். பெட்டி சென்னையில் ஏதோ ஓர் ஆபீசில், பிரிக்கும் பதவியுள்ள யாரோ ஒருவரின் அறையில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. ஒரு நாள் அவர் அதைப் பிரிப்பார். ஜெர்மன் தெரியாதவராக இருப்பார். தெரிந்தவரைத் தேடுவார். அந்தத் தெரிந்தவர் என்ன எழுதுவார்?

நவம்பரில் முதல் மனுவை அனுப்பினேன். சரித்திர ஆராய்ச்சிக்கான பழைய பிரதிகள், அரசாங்கத்துக்கு உபயோகமற்றவை, பார்வையிட்டுத் திருப்பித் தர உத்தரவாக வேண்டும் என்று. ஓர் எழுத்து பிசகாமல் எழுதியிருந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது: மனு பார்வையிடப்பட்டது.

டிசம்பரில் இரண்டாவது. அதற்குப் பதில் சீக்கிரமே வந்தது. உறையைப் பிரித்துப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க? என்ன எழுதியிருக்கறாங்க?"

"காத்திருக்கச் சொல்கிறார்கள்."

"அவ்வளவுதானுங்களா? அதுக்கா இப்பிடி வேர்க்குது?"

எந்த ஆபீசும் எழுதும் வாக்கியம்தான் அது. நானே எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒருவனைப் பற்றியும் ஒரு நிமிஷம் நினைத்ததில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன பயன்? ஓபோக்காரனின் இரண்டாவது மனுவின் ஓரத்திலும் அதுதான் இருந்தது.

மூன்றாவது மனுவை அந்த வாரமே எழுதி முடித்துவிட்டேன். மேஜையின் இடது பக்க இழுப்பறையில், உறைக்குள், விலாசத்தோடு இருக்கிறது. தபால் தலைகூட ஒட்டியாகிவிட்டது. மனைவி ஆரம்பத்தில் கேட்பாள், "அனுப்பிப்போட்டீங்களா?" என்று. நாளைக்கு என்பேன். இப்போது கேட்பதில்லை. பாதிரியாரிடமிருந்து தணிக்கை முத்திரையோடு ஓர் அட்டை வந்தது. சுகம் விசாரித்துவிட்டு, கடைசி வரியில், 'நம் ஆள் வெளியே வந்தாருங்களா?' என்று கேட்டிருந்தார். அந்த வரியைத் தணிக்கைக்காரர் அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

அதற்கும் நான் இன்னும் பதில் எழுதவில்லை.