பத்து லட்சத்து ஒன்று

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அப்பாவுக்காக ஒப்புக்கொண்டேனே தவிர, வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் இருந்தேன். இருவரும் தனியாகப் பேசட்டும் என்று எங்களை மாடிக்கு அனுப்பினார்கள்.

மாப்பிள்ளையாக வந்தவர் தயக்கத்தோடு, "பத்து லட்சத்து ஒண்ணு எதாலயும் வகுபடாது, தெரியுமா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "எப்படிச் சொல்றீங்க?"

"ரெண்டுல ஆரம்பிச்சு நூறு வரைக்கும் வகுத்துப் பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் மீதி வருது."

"நூறுக்கு மேல?"

"பாக்கல. வகுபடாதுன்னே நம்பிட்டேன்."

எனக்கு ஆவல் தாங்கவில்லை. செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து நூற்றொன்றால் வகுத்தேன். மீதியே இல்லாமல் 9901 என்று வந்தது. அவரிடம் காட்டினேன். முகம் சுருங்கப்போகிறது என்று நினைத்தேன். அவரோ போனை வாங்கித் தானும் ஒருமுறை வகுத்துப் பார்த்தார். பிறகு படியிறங்கி ஓடி, கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும், "அம்மா, நான் நெனச்சது தப்பு! இவங்க கண்டுபிடிச்சிட்டாங்க!" என்றார்.

பின்னாலேயே இறங்கி வந்த என்னைத் தவிர அங்கே யாருக்கும் எதுவும் புரியவில்லை. தன் தவறு தெரிந்ததற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அப்பா என்னைப் பார்த்து, "என்னம்மா சொல்ற?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பேசணும்ப்பா" என்றேன்.