அக்கா வீட்டுப் பல்பும் எங்கள் ரியூப் லைட்டும்

போன கிழமை எங்கள் வீட்டு மண்டபத்துக்கு எல்.ஈ.டி. குழல் ஒன்று வாங்கிப் பூட்டினோம். சுவிச்சைத் தட்டியதும் பளிச்சென்று எரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய நான் ஏமாந்துபோனேன். சிமிட்டாமல் எரிகிற விளக்கை எனக்கு என்னவோ நம்ப முடிவதில்லை. வயதுக் கோளாறாகவும் இருக்கலாம்.

பழைய ரியூப் லைட் நாலு தரம் கண்ணடித்துவிட்டுத்தான் எரியும். கரண்டை மட்டுப்படுத்தும் சோக் சூடேறினால் இலேசாகத் தார் மணக்கும். சண்டைக்காலத்தில் அந்த வாசமும் இல்லை, ஏனென்றால் சோக்கே இல்லை. பாதை பூட்டிக் கிடந்தது; கல்லடிக் கடைகளில் தேடாத இடமில்லை.

அக்காவின் கணவர், எங்கள் அத்தான், கோயில் திருவிழாக்களுக்கு லைட் சோடனை செய்கிறவர். இரவுத் திருவிழாக்கள் நின்றுபோனதால் அவருடைய கலர் பல்புகளும் பூப்போட்ட கண்ணாடிக் குடைகளும் பெட்டியில் தூங்கின. "சோக் எதுக்கு? கரண்டப் புடிச்சு வைக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். பல்ப் புடிச்சு வைக்கும்" என்றார்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான். அம்மா ஒரே வளவில் எங்கள் இருவருக்கும் இரண்டு வீடு கட்டிச் சீதனமாகத் தந்திருந்தார். அத்தான் இரண்டையும் ஒரே கம்பியில் கோத்துவிட்டார். ரியூப் எங்கள் மண்டபத்தில், அதற்கு முண்டு கொடுக்கும் நூறு வாட் பல்ப் அக்கா வீட்டு விறாந்தையில், ரோசாப்பூக் குடைக்குள். சுவிச் என் வீட்டில். போட்டதும் முதலில் அக்காவின் பல்ப் பளீரென்று எரியும். என் ரியூப் பற்றிக்கொண்டதும் அது மங்கி, பழுத்த மாம்பழ நிறத்துக்கு வந்துவிடும்.

எனக்கும் அக்காவுக்கும் சண்டை அதில்தான் வந்தது. அக்காவின் மாமியார் வந்திருந்த நேரம் பார்த்து, "உங்கட வெளிச்சத்தில கடிக்க வாற நுளம்புக்கே வழி தெரியாது" என்று வாயைக் கொடுத்தேன். அக்கா பேச்சை நிறுத்தினாள். மாதக்கணக்கில். அவள் பல்பைக் கழற்றினால் என் வீடு இருட்டு. நான் சுவிச்சை நிறுத்தினால் அவள் வீடு இருட்டு. இருவரும் அதை மட்டும் செய்யவில்லை. அவள் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் அணைப்பேன்.

அப்படியிருக்க ஒரு நாள், என் மகளுக்கு மறுநாள் பள்ளிக்கூட ஓ.எல். சோதனை. வாழைச்சேனைக்குப் போன அத்தான் பாதை மறிப்பில் அங்கேயே நின்றுவிட்டார். பொழுதுபட்டதும் சுவிச்சைப் போட்டேன். எரியவில்லை. மற்ற வீடுகளிலெல்லாம் கரண்ட் இருந்தது. அப்படியென்றால் பல்பைக் கழற்றிவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் ஒன்றுவிடாமல் வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

விறாந்தையில் அக்கா கதிரையில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். பல்பின் இழை அறுந்திருந்தது. பெட்டியில் இருந்தவை சின்னக் கலர் பல்புகள், ரியூபை எரியவைக்கக் காணாது. அறுந்த பல்பை மெல்லச் சுழற்றி ஆட்டினால் சிலவேளை இழை மறுபடி கொளுவிக்கொள்ளும். அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"புள்ளைக்கு நாளைக்குச் சோதினை. சுவிச்ச நிப்பாட்டு, நான் கைய வைக்கப் போறன்."

ஓடிப்போய் நிறுத்தினேன். "நிப்பாட்டிட்டன் அக்கா" என்று கத்தினேன். அவள் வந்து பார்க்கவில்லை. மறுகேள்வி கேட்கவில்லை. ஹோல்டருக்குள் கையை வைத்து, இழை கொளுவிய பல்பைப் பூட்டினாள்.

"இப்ப போடு" என்றாள். நாலு தரம் சிமிட்டி எரிந்தது. "புள்ளய அங்கயே படிக்கச் சொல்லு. இஞ்ச நுளம்புக்கே வழி தெரியாது." அவள்தான் முதலில் சிரித்தாள்.

பிறகு பாதை திறந்தது, சோக்கும் வந்தது. அத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பியை வெட்டி, இரண்டு வீட்டுக்கும் தனித்தனி லைட் போட்டார். எங்களுக்கு அன்றைக்குப் பெருமை பிடிபடவில்லை. அதன் பிறகும் சண்டை வந்தது, வராமல் இருக்குமா? கடைசிச் சண்டை எதற்கென்று இப்போது ஞாபகமில்லை. அத்தான் காலமான பிறகு அக்கா மகனிடம் கனடாவுக்குப் போய்விட்டாள். என்னிடம் சொல்லவில்லை. அவள் விறாந்தை இருண்டு கிடப்பதை எத்தனையோ நாள் கழித்துத்தான் கவனித்தேன். என் வீட்டில் வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.