வலது கையில் காப்பு, பந்தும் அதே கையில்

கடந்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு சின்னச் சிக்கல். மோட்ச அர்ச்சனைக்குத் துண்டு எழுதிக்கொண்டு போய் ஐயரிடம் நீட்டினேன். வாசித்தார். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு மறுபடியும் வாசித்தார்.

"கார்மடி... இது ஆற்ற பேரம்மா?"

"மகன்ற பள்ளிக்கூட மாஸ்டர், ஐயா. போன கிழமை மோசம் போயிட்டார்."

"நட்சத்திரம்?"

"தெரியாது."

"கோத்திரம்?"

"அயர்லாந்து எண்டு நினைக்கிறன்."

பின்னால் நின்ற அன்ரி ஒருவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாத இடத்தில்தானே அது வரும்?

அந்த மனுசனைப் பற்றி உங்களுக்கும் சொல்லவேண்டும்.

அப்போது நாங்கள் நாட்டை விட்டு வந்து மெரிலேண்ட்ஸ் என்ற ஊரில் ஒரு சின்ன யூனிட்டில் இருந்தோம். மூத்தவன் கஜன் ஹைஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தான். மிஸ்டர் கார்மடி அவனுக்குக் கணக்கு மாஸ்டர். பின்னேரங்களில் பேஸ்போல் கோச்.

"ஏனடா பேஸ்போல்? கிரிக்கெட்டுக்கு என்ன குறை?" என்று கேட்டேன்.

"கிரிக்கெட்டுக்கு ஆள் கூட அம்மா. இதுக்கு ஆள் காணாது. அதான் என்னைச் சேர்த்தவர்."

முதல் நாள் மைதானத்தில் அவரைத் தூரத்தில் கண்டபோது நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளையாய் இருந்தது. திருநீறு என்று நினைத்து ஒரு கணம் கையெடுக்கப் போனேன். கிட்டப் போனால் வெயிலுக்குப் பூசுகிற களிம்பு. தலையில் அகலத் தொப்பி. அதைக் கழற்றி வெகு நாள் நான் கண்டதே இல்லை. என்னுடைய நீளப் பெயர் வாய்க்குள் அகப்படாமல் "மிஸஸ் எஸ்" என்று கூப்பிடுவார். அவர் பேசியது இங்கிலீஷ்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்... ஆனால் இன்றைக்கு நினைத்தால் அவர் சொன்னதெல்லாம் எங்கள் தமிழில்தான் காதில் கேட்கிறது.

ஒரு மட்சில் உயர வந்த பந்தைக் கஜன் பாய்ந்து பிடித்தான். அம்பயர் அவுட் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்துப் பெற்றோர் எல்லாம் கைதட்டல். கோச் மட்டும் தட்டவில்லை.

"பிடிச்சனியா?"

கஜன் நிலத்தைப் பார்த்தான். "நிலத்தில பட்டது, கோச்."

"எனக்கேன் சொல்லுறாய்? அவரிட்டப் போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னான். தீர்ப்பு மாறியது. "நீர் எந்த ரீமுக்குக் கோச்?" என்று ஒரு தகப்பன் கத்தினார். இவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். அப்படிப்பட்ட ஆள். கணக்கில் விடை பிழைத்தாலும் மன்னிப்பார். பார்த்து எழுதினால் மன்னிக்கமாட்டார்.

கஜன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் விசா இழுபறியில் கிடந்தது. ஒரு தடவை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மேன்முறையீடு போட்டுவிட்டுக் காத்திருந்தோம். வேறு யாரிடம் போவேன்? கேதார கௌரி விரதம் இருபத்தொரு நாளும் பிடித்தேன். கடைசி நாள் கஜனையும் கூட்டிக்கொண்டு போய்க் காப்புக் கட்டுவித்தேன். பெண்களுக்கு இடது கை, ஆண்களுக்கு வலது கை. அடுத்த வருட விரதம் வரைக்கும் அந்த நூல் கையில் இருக்கவேண்டும்.

அடுத்த சனிக்கிழமை அவர்களுக்கு அரையிறுதி. கஜன்தான் பந்து எறிபவன். மாநில ரீமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் அவன் எறிவதைப் பார்க்க வந்திருந்தார்கள். நானும் வேலிக்கரையில், பிளாஸ்கில் தேத்தண்ணியோடு.

ஆட்டம் தொடங்க முதலே அம்பயர் அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். எறிபவரின் மணிக்கட்டில் நூல், மோதிரம், பிளாஸ்டர் எதுவும் இருக்கக்கூடாதாம். அடிப்பவரின் கண் அதில் போய்விடுமாம். எங்கள் சுவாமி நூலும் அவர்களுடைய சட்டமும் ஒரே மணிக்கட்டில் வந்து முட்டிக்கொண்டன.

"வெட்டிப்போட்டு எறியட்டும்" என்றார் அம்பயர்.

கஜன் கோச்சிடம் கையை நீட்டினான். "வெட்டுங்கோ கோச். சும்மா நூல்தானே."

நான் வேலியைச் சுற்றி ஓடினேன். "வெட்டாதே ராசா" என்று தமிழில் கெஞ்சினேன். பிறகு கோச்சின் பக்கம் திரும்பினேன். எனக்கு வந்தது நாலே நாலு சொல். "நோ கட். காட். விசா."

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த முதலுதவிப் பெட்டியின் மேல் வைத்தார். அன்றைக்குத்தான் அவருக்கு மொட்டை என்று எனக்குத் தெரிந்தது.

"கத்தரிக்கோல் இல்லை, மேட்" என்றார் அம்பயரிடம். " இவன் பின்னுக்கு நிண்டு பந்து பொறுக்கட்டும். வேற ஆள் எறிவான்."

வேறு ஆள் எறிந்தான். தோற்றோம். நன்றாகவே தோற்றோம். பார்க்க வந்தவர்கள் பாதியிலேயே எழும்பிப் போய்விட்டார்கள். கஜன் காரில் கையுறையைக் கழற்றி என் காலடியில் போட்டான். கோச்சோடு ஒரு மாதம் பேச்சில்லை. நான் வீட்டுக்கு வந்ததும் சுவாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். சரியான நேரத்தில் கத்தரிக்கோல் கிடைக்காமல் செய்தாளே அம்மன்...

செவ்வாய்க்கிழமை கோச் ரெலிபோன் எடுத்தார். "மிஸஸ் எஸ், உங்கட கோயில்ல ஆரிட்டக் கேள்வி கேட்கலாம்?"

வெள்ளிக்கிழமை வந்தார். சப்பாத்தைக் கழற்றியவர் சொக்ஸையும் கழற்றவேண்டும் என்று தெரியாமல் அப்படியே வரிசையில் நின்றார். முறை வந்ததும் ஐயரிடம் மரியாதையாகக் கேட்டார். நூலை வேறு எங்கேயாவது கட்டலாமா?

ஐயர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அதுக்கென்ன? முழங்கைக்கு மேல கட்டிவிடுறன். சட்டைக்குள்ள கிடக்கும். அம்மன் கோவிக்கமாட்டா."

அவ்வளவுதான். நான் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? விளையாட்டில் கையைப் பார்ப்பார்கள் என்று தெரியாது, சரி. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனா? பக்தி கூடிய எங்களுக்கு ஒரு பழக்கம் — பயந்து நடப்போம், ஆனால் வாய் திறந்து கேட்கமாட்டோம். கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அவருக்கு எங்கள் சாமியைத் தெரியாது. அதனால் பயமும் இல்லை, கேட்டுவிட்டார்.

அடுத்த சீசன் முழுக்கக் கஜன்தான் எறிந்தான். மாநில ரீம்காரர்கள் திரும்பி வரவில்லை. விசா? வந்தது. அதற்குள் இன்னும் மூன்று காப்பு மாற்றவேண்டியிருந்தது.

இப்போது கஜன் மெல்பனில் எலெக்ட்ரீஷியன். அந்த வெள்ளிக்கு முந்தின புதன்கிழமை அவன்தான் ரெலிபோன் எடுத்துச் சொன்னான். "அம்மா, கோச் செத்துப்போனார்." நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

"அம்மா, ஒண்டு சொல்லவே? அண்டைக்கு அவரிட்டக் கத்தரிக்கோல் இருந்தது."

"எண்டைக்கு?"

"அந்த செமி ஃபைனலுக்கு. ஃபர்ஸ்ட் எய்ட் பொக்ஸ் பேக் பண்ணினது நான். மூடியில்லாத பொக்ஸ். கத்தரிக்கோல் மேலயே கிடந்தது. அதுக்கு மேலதான் தொப்பியை வைச்சவர்."

குசினியில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏனடா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"அப்ப கோவம் அம்மா. எங்களை ஒரு பொய் சொல்ல விடமாட்டார், தான் மட்டும் சொல்லுறாரே எண்டு. பிறகு விளங்கிச்சுது. விளங்கினாப் பிறகு... எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை."

ஆக, நான் விழுந்து கும்பிட்டது அம்மனையா, அந்தத் தொப்பியையா? இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கோயிலில் விட்ட இடத்துக்கு வருகிறேன். ஐயர் துண்டைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டே நின்றார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"சொக்ஸோட வரிசையில நிண்ட மாஸ்டரோ?"

"ஓம் ஐயா, அவர்தான்."

"அப்ப நட்சத்திரம் தேவையில்லை." பூவை எடுத்தார். "நல்ல மனுசன், என்ன?"

"ஓம் ஐயா. பொய்யே சொல்லாத மனுசன்... எனக்காக ஒண்டு சொன்னவர்."