மூன்று கல்லூரி மாறியவன்

அமெரிக்க ஃபுட்போலில் ஒவ்வொரு வசந்தத்திலும் தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தெரிவு செய்யும்; அதை ட்ராஃப்ற் என்பார்கள். அதற்கு முந்திய ஞாயிறு, அஜக்ஸ் என்ற ஊரில் என் நண்பன் வீட்டு பேஸ்மென்றில் நாலைந்து பேர் கூடி, எங்கள் அணி எந்தக் குவாட்டர்பேக்கை எடுக்க வேண்டும் என்று வாயால் அடிபடுவோம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன்தான் குவாட்டர்பேக். எங்களில் ஒருவரும் அந்தப் பந்தைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் எங்கள் கதையைக் கேட்டால் கலியாணத் தரகர்கள் தோற்றுப்போவார்கள். உயரம், கை நீளம், குணம், தாய் தகப்பன், ஏன் கல்லூரி மாறினான், எல்லாம் விசாரிப்போம்.

போன வருடம் மகளும் வருகிறேன் என்றாள். இருபத்துநாலு வயது. சின்னதில் இருந்து என் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து, இப்போது என்னைவிட அவளுக்குத்தான் ஆட்டம் தெரியும். பல்கலைக்கழகத்தில் இரண்டு தடவை படிப்பு மாறி, மூன்றாவதில்தான் கால் ஊன்றியிருந்தாள். முடிக்க இன்னும் இரண்டு வருடம். இது எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்த விஷயம். நண்பர்களிடம் நான், மகள் படித்து முடித்து பாங்கில் வேலைக்குப் போகிறாள் என்று சொல்லிவைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் கண்டவுடன் கேட்கும் முதல் கேள்வி, பிள்ளை என்ன செய்யுது என்பது. அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் எப்போதோ முடித்துவிட்டார்கள். மகளுக்கு என் பொய் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அன்று மட்டன் ரோல்ஸும் பியருமாகப் பேச்சு சூடுபிடித்தது. கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவன் இருபத்தொரு வயதுக்காரன், பந்தை எங்கிருந்தும் எறிவான். மற்றவன் மூன்று கல்லூரி மாறியவன், வயதும் கூடியவன். மகள் இரண்டாமவனைச் சொன்னாள். எதிரிகள் பாய்ந்து வரும்போதும் அவன் பதறுவதில்லை என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் நண்பர்களுக்கு முன்னால் தோற்க எனக்கு மனமில்லை.

“விசர்க்கதை கதையாதை. மூண்டு கொலிஜ் மாறினவன். இருபத்துநாலு வயசாச்சு, இன்னும் படிச்சுக்கொண்டு நிக்கிறான். உருப்படுறவன் எண்டால் எப்பவோ உருப்பட்டிருப்பான்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு விழுந்தால் எனக்கு வாய் நிற்காது.

“உவனை எடுக்கிறதுக்குச் சும்மா இருக்கலாம். தாய் தேப்பன் எப்பிடித்தான் வெளியிலை தலை காட்டுதுகளோ!”

வென்ற சந்தோஷத்தில் மகளின் பக்கம் திரும்பினேன். அவள் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நான் யாரைப் பற்றிப் பேசியிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார நண்பன் அவளிடம் கேட்டான்.

“நல்லா மெலிஞ்சுபோனாய் பிள்ளை. பாங்கிலை வேலை கூடவோ?”

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஓம் அங்கிள், கொஞ்சம் பிஸிதான்.”

“எந்த பிராஞ்ச்?”

“யூனியன்வில்.”

ஒரு தடுமாற்றமும் இல்லை. நான் ஒரு ரோல்ஸை எடுத்து வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். பேசாமல் இருக்க ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

நான் குடித்திருந்ததால் திரும்பும்போது அவள்தான் கார் ஓட்டினாள். நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்சத் தூரம் வந்த பிறகு கேட்டேன்.

“ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?”

“போன மாசம் இன்னொரு அங்கிள் என்னைக் கடையிலை கண்டு பாங்க் வேலைக்குக் கொங்கிராட்ஸ் சொன்னவர். நீங்கள் என்ன சொல்லியிருப்பியள் எண்டு விளங்கிச்சு. அப்பவும் யூனியன்வில் எண்டுதான் சொன்னனான்.”

“அப்ப ஏன் இண்டைக்கு வந்தனீ?”

“ட்ராஃப்ற் கதைக்கத்தான், அப்பா.”

ஒரு மாதமாக அவள் என் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கத்தில் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. மறுநாளே நண்பனை அழைத்து உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்தேன். அதுவும் நடக்கவில்லை. போன கிழமை அவன், மகளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று கேட்டான். ஓம் என்றேன்.