பொத்தானிலிருந்து கையை எடுப்பது

முதல் அறிகுறி, ஒரு வாக்கியம் பாதியில் நின்றதுதான்.

காலையில் செய்தித்தாளை உரக்க வாசிப்பது நைனாவின் பழக்கம் (அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்). அடுப்படியில் இருந்தபடியே அம்மா கேட்பாள். அன்று ஏதோ மழைச் செய்தி. "திருவள்ளூர் மாவட்டத்துல அடுத்த..." என்றவர் நின்றுவிட்டார். பிறகு வந்தது சொல் அல்ல, குழகுழவென்று ஒரு ஒலி. நான் வழக்கம்போல அவர் வாக்கியத்தை முடித்து வைத்தேன்: "அடுத்த ரெண்டு நாளைக்கு மழை. அதானே நைனா?"

அவருடைய வலது கையிலிருந்து தாள் நழுவியபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" எனக்குத் தெரியவில்லை. அம்மாதான் சொன்னாள்: "பால்காரர் வந்துட்டுப் போன உடனே சார். ஆறே முக்கால்." அந்த நேரத்தை வைத்துத்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று முடிவெடுத்தார்கள். இதைப் படிப்பவர்கள் வேறெதை மறந்தாலும் மணியைப் பார்க்க மறக்க வேண்டாம்.

இஸ்கிமிக் ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதால் வரும் பக்கவாதம்) என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கையும் காலும் மெதுவாகத் திரும்பும். பேச்சு திரும்புமா என்பது மட்டும் தெரியாது. அதற்கு அஃபேசியா என்று பெயர் (மூளையின் மொழிப் பகுதி பாதிக்கப்பட்டு, சொல்ல நினைப்பது சொல்லாக மாறாத நிலை). நாம் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரியும். அவரிடமிருந்து வெளியே வராது. எழுதிக் காட்டலாமே என்று கேட்டேன். எழுத்தும் அதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்றார் மருத்துவர்.

திருத்தணியிலிருந்து வாரம் ஒருமுறை மின்சார ரயிலில் சென்னைக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் போனோம். பயிற்சியாளர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஒரே நாளில் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அவர் வாக்கியத்த நீங்க முடிக்காதீங்கம்மா. கேளுங்க, அப்புறம் மனசுல பத்து எண்ணுங்க."

நான் மூன்றுவரை எண்ணுவேன்.

வீட்டில் தினமும் போர்தான். மாலையானால் நைனா இடது கையால் மேசை விசிறியைக் காட்டுவார். "வேகமா வைக்கணுமா? கம்மியா? குளிருதா? போர்வை வேணுமா?" என்று அடுக்குவேன். அவர் முகம் சிவக்கும். ஒருநாள் தண்ணீர்ச் சொம்பு பறந்துபோய்ச் சுவரில் அடித்தது. அதன்பின் அவர் காட்டுவதை நிறுத்திவிட்டார். பயிற்சி அட்டைகளையும் தொடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"இந்த முதல் மாதங்கள்லதான் முன்னேற்றம் வேகமா இருக்கும். அவரே கைவிட்டுட்டா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் பயிற்சியாளர். நாற்பத்தெட்டு வயது மனிதர் இனி பேசப்போவதில்லை என்று தாமே முடிவு செய்துகொண்டிருந்தார். அதற்கு நானும் ஒரு காரணம்.

அப்போதுதான் அந்த நோட்டை எடுத்தேன்.

கார்கில் போரின்போது நைனாவுக்கு இருபத்திரண்டு வயது. ராணுவத்தில் வயர்லெஸ் ஆபரேட்டர். ஊர்ப் பள்ளியில் ஒருமுறை அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். மேடையில் இரண்டு நிமிடத்தில் "ஜெய்ஹிந்த்" சொல்லி இறங்கிவிட்டு, சொல்லாமல் விட்டதையெல்லாம் வீட்டுக்கு வந்து ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதினார். எட்டாம் வகுப்பில் அதை ஆவலாகப் படித்து ஏமாந்தேன்.

"நைனா, இதுல சண்டையே இல்லையே!"

"சண்ட போட்டவங்க வேற ஆளுங்கம்மா. நான் கீழ உக்காந்து பேசிகினு இருந்தவன்."

இப்போது கட்டிலருகே உட்கார்ந்து உரக்க வாசித்தேன். கேட்கட்டும், அவருடைய சொற்கள்தானே என்று. பேட்டரி குளிரில் செத்துவிடும் என்பதால் வயிற்றோடு கட்டிக்கொண்டு தூங்கியது, ஈரக் காலுறையைத் தோளில் போட்டு உலர்த்தியது என்று போய்க்கொண்டிருந்தது. பிறகு இது வந்தது:

"மேலே ஏறியவர்களில் வயர்லெஸ் வைத்திருந்தவன் ஒரிசாக்காரன். அடிபட்டுக் கிடந்தான். எதிரி மிகப் பக்கம். பேசினால் சத்தம் கேட்கும். நான் சொன்னேன், பேசாதே, நான் பேசுவது கேட்டால் பொத்தானை இரண்டு தடவை அழுத்து. கர், கர் என்று வந்தது. ஆம் என்றால் இரண்டு, இல்லை என்றால் ஒன்று. ஒரு தடவைக்கு ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். கேட்டதும் நம் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். நம் கை பொத்தானில் இருக்கும்வரை அவன் சத்தம் நமக்கு வராது."

வாசிப்பதை நிறுத்தினேன். பதினான்கு வயதில் இந்தப் பத்தியைத் தாண்டி ஓடியிருக்கிறேன்.

நைனா சுவரிலிருந்து திரும்பியிருந்தார்.

"நைனா... நான் பேசுறது கேக்குதா?"

வாயை இறுக மூடிக்கொண்டேன். ஆறு, ஏழு, எட்டு. அவருடைய இடது கை எழுந்து கட்டிலின் இரும்புக் கம்பியைத் தட்டியது. டங், டங்.

"விசிறி பத்தியா?" டங், டங்.

"உங்களுக்குக் காத்து வேணுமா?" டங்.

"அம்மாவுக்கா?"

டங், டங். கண்கள் நிறைந்துவிட்டன அவருக்கு. விசிறியைத் தரையில் படுக்கும் அம்மா பக்கம் திருப்ப வேண்டும். கையைக் காட்டிய நாளெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஆங்... இதுக்காங்க அந்தச் சொம்பு பறந்துச்சு?"

நைனா சிரித்தார். சிரிப்பு பாதி முகத்தில்தான் வந்தது. எனக்கு அது போதும்.

ஆம்-இல்லை கூடச் சிலருக்கு மாறிப்போகும், பதில் தெரிந்த கேள்வியையும் நடுவில் கலந்து கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று பயிற்சியாளர் எச்சரித்தார். செய்தோம். அட்டைகள் மறுபடி வெளியே வந்தன. முதல் சொல் "டீ". அடுத்தது அம்மாவின் பெயர், முதல் எழுத்து இல்லாமல்.

போருக்குப் போனவர்கள் எழுதியவற்றைத் தேடித்தேடிப் படிக்கிறவள் நான். ஏன் இன்னமும் அவை நம்மை அசைக்கின்றன என்று யாராவது கேட்டால் தியாகம், வீரம் என்று படபடவென்று பேசுவேன். அவை பொய்யல்ல. ஆனால் இப்போது வேறொன்றும் தெரிகிறது. குண்டு விழும் இடத்திலும் அந்த மனிதர்களுக்கு ஒரு வேலை இருந்தது. அதை எப்படிச் செய்தோம் என்று பிசகாமல் எழுதிவைத்தார்கள். யாருக்குப் பயன்படும் என்று தெரியாமலே எழுதினார்கள். மலையுச்சியில் வாய் திறக்க முடியாமல் கிடந்த ஒருவனுக்காக நைனா யோசித்த வழி, அத்தனை வருடம் கழித்து அவரையே வந்து மீட்டது. அந்த இருபத்திரண்டு வயதுக்காரரை நான் வணங்குகிறேன். என் வயதுக்கும் அவருடைய அன்றைய வயதுக்கும் ஒரு வருடம்தான் வித்தியாசம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

ஆறாம் மாதம், பிசியோதெரபி அறையில் (தசைகளுக்கு மறுபயிற்சி தரும் இடம்) நைனாவே நோட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவார். வலது கையால் பந்தை அமுக்கியபடி கேட்பார். பக்கத்து நாற்காலியில் அரக்கோணத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாய். அவருக்குப் பாதிப்பு இடது கையில்.

"பேட்டரிய வயித்துல கட்டிகினு தூங்குனாரா! என் கடைப் பசங்க அதத் தொட்டுட்டுக் கை கழுவவே சோம்பல் படுறானுங்க." பொத்தான் பத்தியைக் கேட்டதும், "இத என் வீட்டுக்காரிகிட்ட படிச்சுக் காட்டும்மா. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அவளே முடிச்சிடுறா" என்றார்.

நான் மேலே வாசித்தேன். "விடிவதற்குள் பொத்தான் சத்தம் நின்றுவிட்டது. நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்." அடுத்த பத்தி, சப்பாத்தி கல்லாக உறைந்ததைப் பற்றி.

பாய் பந்தைக் கீழே வைத்தார். "அந்த ஆளு பொழைச்சானா சார்?"

நோட்டில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை. மூடிக்கொண்டேன்.

நைனாவின் உதடு அசைந்தது. பத்து எண்ணினேன். இருபது. பாயும் பேசவில்லை. நெற்றியில் வியர்வை அரும்ப, எங்கோ மிகத் தூரத்திலிருந்து ஏறி வருகிறவர்போல நைனா மூச்சு வாங்கினார். நாற்பது. அறுபதுக்குப் பிறகு எண்ணிக்கையை விட்டுவிட்டேன். முன்பெல்லாம் மௌனம் என்றால் எனக்கு உடம்பு அரிக்கும். இப்போது அதற்குள் ஒருவர் நடந்து வருவது தெரிகிறது.

"ஆளு... வந்தான்" என்றார் நைனா.

இன்னும் இருந்தது. காத்திருந்தோம். அவர் தன் வலது தொடையைத் தொட்டார்.

"காலு... வரல."

என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.