மகனுக்கு வளர்ந்த ஓரங்குலம்

அமெரிக்காவில் புது அரசாங்கம் வந்ததும், அங்கே இருக்கும் என் மைத்துனருக்காக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இனியாவது மெற்றிக் அளவுக்கு மாறுங்கள் என்று கேட்டு, அவர் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதம். சிட்னியில் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சரிபார்ப்பது என் உத்தியோகம். இந்தக் காலத்திலும் அடி, அங்குலம் என்று ஒரு நாடு அடம்பிடிப்பதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

'மெற்றிக்கில் ஏமாற்ற இடமில்லை' என்று எழுதி முடித்தபோது தொலைபேசி அடித்தது. மெல்பேர்னிலிருந்து, என் மகனுக்குச் சம்பந்தம் பார்த்துக்கொண்டிருந்த அன்ரி.

"தம்பி, பொடியன் என்ன உயரம்?"

முதல்நாள்தான் அவனைக் குசினிக் கதவோடு நிறுத்தி நானே அளந்திருந்தேன். "நூற்றி எழுபத்தெட்டு சென்ரிமீற்றர், அன்ரி."

"உந்தக் கணக்கு ஆருக்கு விளங்கும்? அடியில சொல்லும்."

ஐந்தடி பத்து அங்குலம். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி காதருகே வந்துவிட்டாள். "பதினொண்டு எண்டு சொல்லுங்கோ."

"அஞ்சடி பதினொண்டு, அன்ரி" என்றேன்.

"எல்லாரும் ஒண்டு கூட்டித்தானே சொல்லுறவை. நான் பத்து எண்டு எழுதுறன்" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

நான் சரிபார்த்த எந்தத் தராசும் இவ்வளவு துல்லியமாகக் காட்டியதில்லை.